கருவியை இயக்குவது யார்? லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளும் மொரீஷியஸ் தமிழ்ப் பிள்ளைகளும்

பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் முடிவுகள் வந்து, அரசு உதவித்தொகை பெறும் லோரியட் மாணவர்களின் பட்டியல் அறிவிக்கப்பட்டு, பள்ளி முற்றத்தில் வென்ற பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கொண்டாடி முடித்ததும் மொரீஷியஸ் வீடுகளில் அடுத்த கவலை தொடங்கிவிடுகிறது. ரெதுயியில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகமா, பிரான்ஸா, இங்கிலாந்தா, ஆஸ்திரேலியாவா, இந்தியாவா? இந்தப் பழகிய பட்டியலுக்கு நடுவே அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் பெயரும் இப்போது சில வீடுகளில் அடிபடுகிறது. அவற்றின் விளம்பர ஏடுகளைப் புரட்டினால் ஒரே மாதிரியான படங்கள் வரும். நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் மாணவர், முழங்கால் அளவு ஆற்று நீரில் நின்று மாதிரி எடுக்கும் மாணவி, பழைய ஓலையையோ ஓவியத்தையோ கையுறை போட்டுத் தொடும் இன்னொருவர். கீழே "செயல்வழிக் கற்றல்", "எண்ணற்ற வாய்ப்புகள்" என்ற வரிகள்.

படங்கள் பொய்யல்ல. ஆனால் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று உண்டு. அந்த மாணவி கருவியைத் தானே இயக்குகிறாளா, அல்லது வேறொருவர் இயக்குவதைப் பார்ப்பதற்காக அழைத்துவரப்பட்டாளா? கல்லூரிகளைத் தரவரிசைப் பட்டியலை வைத்து அளப்பதைவிட இந்தக் கேள்வியை வைத்து அளப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். எந்த வேலையை, எந்த ஆண்டில் மாணவரை நம்பி ஒப்படைக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

"ஆர்ட்ஸ்தானே, வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு முதலில் ஒரு விளக்கம். இயற்பியல், வேதியியல், கணிதம், பொருளாதாரம், கணினி அறிவியல் எல்லாம் இந்தக் கல்லூரிகளில் உண்டு. பெரும்பாலானவை சிறியவை, மொத்த மாணவர் தொகையே ஏறக்குறைய இரண்டாயிரம்தான் இருக்கும். படிப்பு நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் பல துறைகளிலும் பாடம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டின் முடிவில் முதன்மைப் பாடத்தை முடிவு செய்தால் போதும். பதினாறு வயதில் எடுத்த பாடப்பிரிவு கடைசிவரை துரத்திக்கொண்டே வரும் நம் முறைக்கு இது நேர் எதிரானது.

மாணவர்களுக்கு அங்கே வேலை கொடுக்கப்படுவதற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் அல்ல. அந்தக் கல்லூரிகளில் முனைவர் பட்ட மாணவர்கள் அநேகமாகக் கிடையாது. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் ஆய்வகத்தை நடத்துவது முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களுக்கு அடுத்தபடி முதுகலை மாணவர்கள். இளங்கலை மாணவருக்குக் குடுவை கழுவும் வேலை கிடைத்தாலே பெரிது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியின் பேராசிரியரும் ஆய்வு செய்தாக வேண்டும், கட்டுரை வெளியிட்டாக வேண்டும். அவருக்குக் கைகொடுக்க இருப்பவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் மட்டுமே. வேறு வழியில்லாமல் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களை நம்பி, அவர்களோடு சேர்ந்தே ஆய்வு செய்கிறார். தேவையிலிருந்து பிறந்த வாய்ப்பு என்பதால்தான் அது உறுதியாக நிற்கிறது. பெருந்தன்மை ஆளுக்கு ஆள் மாறும், தேவை மாறாது.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் உள்ள ரீட் கல்லூரியைப் பார்க்கலாம். அந்தக் கல்லூரிக்குள் ஓர் அணு உலை இருக்கிறது. 1968 முதல் இயங்கும் 250 கிலோவாட் ஆராய்ச்சி உலை; மின்சாரம் தயாரிப்பதற்கானது அல்ல, மாதிரிப் பொருள்களை நியூட்ரான்களால் தாக்கி அவற்றில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிவதற்கானது. ஆழமான நீர்த்தொட்டியின் அடியில் உலையின் கரு இருக்கும். அது இயங்கும்போது நீர் நீல நிறத்தில் ஒளிரும். இந்த உலையை இயக்குபவர்களில் பெரும்பாலோர் இளங்கலை மாணவர்கள். முதலாம் ஆண்டில் வந்து சேரும் மாணவர் ஏறக்குறைய ஓர் ஆண்டு பயிற்சி எடுத்து, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் வென்றால் அரசு உரிமம் கையில் கிடைக்கும். இயற்பியல் மாணவர்கள் மட்டும் அல்ல, இலக்கியமும் தத்துவமும் படிப்பவர்களும் அந்த உரிமத்தை வாங்கியிருக்கிறார்கள்.

அந்த நாற்காலியில் உட்காரும் மாணவரின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எதிரே அளவு காட்டும் முள்கள். கட்டுப்பாட்டுத் தண்டுகளை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது அவர் கையில். செய்வதையெல்லாம் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் உலையை நிறுத்தும் பொறுப்பும் அவருடையதுதான். இந்த இடத்தில் மனப்பாடம் உதவும், ஆனால் போதாது. தனக்குப் புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் பழக்கம் இங்கே ஒரு நாள்கூடச் செல்லாது. பட்டப்படிப்பு ஒரு மனிதருக்குத் தர வேண்டிய மிகப் பெரிய பழக்கம் இந்த நேர்மைதான் என்று நான் நம்புகிறேன். அதைச் சொற்பொழிவால் தர முடியாது.

எல்லாக் கல்லூரியிலும் அணு உலை இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஒஹையோவின் வூஸ்டர் கல்லூரியில் 1940களிலிருந்து நடக்கும் ஏற்பாடு இன்னும் எளிமையானது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும், விதிவிலக்கு இல்லாமல், சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். பேராசிரியர் ஒருவர் வாரந்தோறும் அவரோடு தனியாக உட்காருகிறார். முதல் வகுப்பில் வருபவருக்கு மட்டும் என்று ஒதுக்காமல் எல்லாரையும் செய்ய வைப்பதுதான் இதன் சிறப்பு. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எங்கேயும் வழி பிறந்துவிடும். நடுத்தர மாணவரை என்ன செய்கிறது என்பதில்தான் கல்லூரியின் தரம் தெரியும். கொலராடோ கல்லூரி 1970இல் நேரத்தையே மாற்றி அமைத்தது. அங்கே ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாடம், மூன்றரை வாரம். வேறு வகுப்பு குறுக்கிடாததால் நிலவியல் பேராசிரியர் மாணவர்களை மலைக்கு அழைத்துப்போய் நாள்கணக்கில் பாறைகளின் நடுவே வைத்தே பாடம் நடத்தலாம். கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 1960களில் தொடங்கிய 'கிளினிக்' திட்டத்தில், நிறுவனங்கள் தங்கள் உண்மையான தொழில்நுட்பச் சிக்கலைப் பணம் கட்டிக் கல்லூரியிடம் ஒப்படைக்கின்றன. நான்கைந்து மாணவர்கள் கொண்ட குழு ஓர் ஆண்டு முழுவதும் அதைத் தீர்க்கப் பாடுபடுகிறது.

கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடிமை முறையை எதிர்த்தவர்கள் 1855இல் தொடங்கிய கல்லூரி அது. கறுப்பரும் வெள்ளையரும் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படித்தார்கள். 1904இல் மாநிலச் சட்டம் அதைத் தடை செய்தது. 1950இல்தான் மீண்டும் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிந்தது. இன்று அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாக ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். பண்ணையில், நூலகத்தில், அலுவலகத்தில், தறியில், துடைப்பம் கட்டும் பட்டறையில் என்று பல இடங்கள். வேதியியலில் பட்டம் வாங்கப்போகும் மாணவர் சோளத் துடைப்பத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

நம் வீடுகளில் இதைச் சொன்னால் முகம் மாறும். "துடைப்பம் கட்டவா கடல் கடந்து அனுப்புகிறோம்?" கரும்புத் தோட்டத்திலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவருவதற்காகவே நம் தாத்தா பாட்டி படிப்பைப் பிடித்துக்கொண்டார்கள், கைவேலை மீதான அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் இந்தத் தீவுக்கு முதலில் வந்த தமிழர்களில் பலர் 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கமிருந்து பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் வந்த கொத்தர்களும் தச்சர்களும். போர்ட் லூயிஸ் துறைமுக நகரத்தை எழுப்பியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கல்லையும் மரத்தையும் அளந்தவர்களின் அறிவை அறிவு என்று எண்ண நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்குத் திரும்பி வருகிறேன். 2014இல் காலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பட்டதாரிகளிடம் ஆய்வு நடத்தின. வேலையில் ஈடுபாட்டோடும் வாழ்க்கையில் நிறைவோடும் இருப்பவர்களை எது பிரித்துக் காட்டுகிறது என்று பார்த்தால், கல்லூரி அரசுடையதா தனியாருடையதா, நுழைவது கடினமா எளிதா என்பதெல்லாம் பெரிதாகக் கணக்கில் வரவில்லை. தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர், ஊக்கம் கொடுத்த வழிகாட்டி, ஒரு பருவமோ அதற்கு மேலோ நீடித்த ஒரு பணித்திட்டம், வகுப்பில் படித்ததைப் பயன்படுத்திப் பார்க்க ஒரு பயிற்சிப் பணி ஆகியவைதான் கணக்கில் வந்தன. ஆய்வில் கேட்கப்பட்ட இத்தகைய ஆறு அனுபவங்களும் ஒருசேர வாய்த்தவர்கள் 3 சதவீதம் மட்டுமே. அமெரிக்காவிலேயே இந்த நிலை என்பதைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியின் பெயர் இவற்றைத் தானாகக் கொண்டுவந்து தராது. மாணவர் தேடிப் போக வேண்டும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். காலையில் பள்ளி, மாலையில் ட்யூஷன், சனிக்கிழமையும் ட்யூஷன் என்று வளர்ந்த பிள்ளை, கேள்வித்தாளில் இருப்பதற்குப் பதில் எழுதுவதில் சூரப்புலி. கேள்வியைத் தானே உருவாக்கச் சொன்னால் விழிக்கிறது. ஆசிரியரிடம் போய் "உங்கள் ஆய்வில் நானும் சேரலாமா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே அறையில் காத்திருப்பார்கள். கதவு திறந்தே இருக்கும். நம் பிள்ளை அந்த வாசலைத் தாண்டி நூலகத்துக்குப் போய்த் தலைகுனிந்து படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, யாருக்கும் தெரியாமலே நான்கு ஆண்டைக் கழித்துவிடும். கட்டணத்தில் பாதி அந்தக் கதவுக்காகக் கட்டியது என்பது அதற்குத் தெரிவதில்லை. இதைப் பெற்றோர்தான் புறப்படும் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும்: மகளே, முதல் மாதமே போய்க் கதவைத் தட்டு, அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் போ, புரியாத இடத்தைக் கேள். மரியாதைக் குறைவு என்று அங்கே யாரும் நினைக்க மாட்டார்கள்.

விளம்பர ஏட்டில் பொடி எழுத்திலும் வராத சில தடைகளையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்து நடத்தும் கோடைக்கால இளங்கலை ஆய்வுத் திட்டங்களில் உதவித்தொகை பெற்றுச் சேர அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்குமே இடம். மொரீஷியஸ் பாஸ்போர்ட்டோடு போகும் மாணவர் கல்லூரியின் சொந்த நிதியில் நடக்கும் கோடை ஆய்வைத்தான் நம்ப வேண்டும். ஆகவே அத்தகைய நிதி இருக்கிறதா, வெளிநாட்டு மாணவருக்கும் கிடைக்குமா என்று சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் பாடம் நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். வெளியே பயிற்சிப் பணி என்றால் பொதுவாக முதல் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், முறையான அனுமதியும் வேண்டும். படிப்பு முடிந்தபின் 12 மாதம் அங்கே வேலைப் பயிற்சி பெறலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஊதியம் இல்லாத பயிற்சிப் பணிகளும் நிறைய. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வீட்டிலிருந்து வர முடிந்த பிள்ளைகளே அவற்றை ஏற்க முடிகிறது. வாய்ப்பு எல்லாருக்கும் பொது என்று சொல்லும் கல்லூரி, அந்தச் செலவுக்கும் வழி செய்யவில்லை என்றால் அந்தப் பேச்சில் உண்மை இல்லை.

செலவை எண்ணித் தயங்குபவர்களுக்கு நெருக்கத்திலேயே வேறு கதவுகள் உண்டு. 2014இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகமும், சென்னைக்கு அருகே ஸ்ரீசிட்டியில் 2018இல் தொடங்கிய கிரியா பல்கலைக்கழகமும் இந்த முறையில் இந்தியாவில் நடக்கின்றன. மதுரையில் 1881இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கல்லூரி, இந்த மரபு தமிழ் மண்ணுக்குப் புதிது அல்ல என்பதைக் காட்டும்.

வெளியே போக முடியாத பிள்ளைகளே இங்கே பெரும்பான்மை. அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 முதல் மொரீஷியஸ் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் போயிற்று, இனி அந்தப் படிப்புக்குள் என்ன வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. கருவிக்கும் களத்துக்கும் இந்தத் தீவில் பஞ்சமே இல்லை. 1974இல் காட்டில் நான்கே நான்கு மொரீஷியஸ் கெஸ்ட்ரல் பறவைகள்தான் எஞ்சியிருந்தன. கூட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தனியே பொரிக்கவைத்து, தாய்ப்பறவையை மீண்டும் முட்டையிட வைக்கும் பொறுமையான களப்பணியால் அந்த இனம் மீண்டது. மாயிபூர்க்கு எதிரே 26 ஹெக்டேர் பரப்புள்ள இல் ஓ செக்ரெத் தீவில் களை பிடுங்கி, நாட்டு மரம் நட்டு, பறவைகளை எண்ணும் வேலை இன்றும் நடக்கிறது. அதற்காகக் கண்டம் கடந்து வரும் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் அந்தத் தீவைப் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறை பார்த்ததோடு சரி.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது. ஏறக்குறைய 1,000 டன் கடலில் கலந்தது. மாயிபூர்க் கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடி, கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்து, நீளமாகத் தைத்து, மிதப்பதற்கு வெற்றுப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கோத்து மிதவைத் தடுப்புகள் செய்தார்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். எவ்வளவு சோகை எவ்வளவு எண்ணெயைப் பிடிக்கும், எப்போது நனைந்து மூழ்கத் தொடங்கும், அலையாத்தி வேரில் ஒட்டிய எண்ணெயை எப்படி எடுப்பது, நனைந்த சோகையைப் பிறகு எங்கே கொட்டுவது? வேதியியலும் இயற்பியலும் உயிரியலும் சட்டமும் அந்த ஒரே கரையில் ஒன்றாகக் கிடந்தன. அந்தப் பிள்ளைகள் கையில் கண்டதை அளந்து எழுதி, அதையே ஒரு பருவப் பாடமாகப் படிக்க வழி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அன்றும் ஏங்கினேன், இன்றும் ஏங்குகிறேன்.

தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே காத்திருக்கும் ஒரு வேலை மோக்காவில் இருக்கிறது. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போர்ட் லூயிஸில் இறங்கினார்கள். இறங்கிய அந்த இடமே இன்றைய ஆப்பிரவாசி காட். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவர்களைப் பற்றிய குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒருவரின் எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், சாதி, ஊர், வந்த கப்பல், சேர்ந்த தோட்டம். 1860களுக்குப் பிந்தைய பலருக்குப் புகைப்படமும் உண்டு. இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் வெளிநாட்டுக் குடியுரிமை (ஓ.சி.ஐ.) அட்டை ஏழாம் தலைமுறைவரை நீட்டிக்கப்படும் என்று 2024 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டபின் மூதாதையரின் சான்றைத் தேடும் ஆவல் வீடுகளில் கூடியிருக்கிறது.

அந்தப் பதிவேடுகளை எழுதியவர்கள் தமிழ் தெரியாத எழுத்தர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவரின் பெயரை ஆங்கிலக் காதால் கேட்டு, பிரெஞ்சு முறையில் எழுதியிருக்கிறார்கள். அருணாசலமும் வீரப்பனும் கணபதியும் அடையாளம் தெரியாத எழுத்துக்கூட்டலில் கிடக்கிறார்கள். ஒரே ஊர் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். அந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கமா, ஆர்க்காட்டுப் பக்கமா என்று ஊகிக்கத் தமிழும் தமிழ்நாட்டு நில அமைப்பும் தெரிய வேண்டும். பழைய கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஒரே பெயரின் பல வடிவங்களைக் கணினியில் சேர்த்துப் பார்க்க நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் துணை வேண்டும். இது மாணவர் பயிற்சிக்காக இட்டுக்கட்டிய வேலை இல்லை. செய்து முடித்தால் குடும்பங்களுக்குப் பயன்படும், வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பயன்படும்.

மோக்காவின் தமிழ்த்துறையும் ரெதுயியின் வரலாற்று, கணினித் துறைகளும் சேர்ந்து இதை ஒரு பருவப் பாடமாக வைக்கலாம். ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால் போதும். அதில் வந்தவர்களின் பதிவுகளைக் காப்பகத்தின் அனுமதியோடும் மேற்பார்வையோடும் பத்துப் பதினைந்து மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தான் படித்த பெயரை ஏன் அப்படிப் படித்தார் என்று எழுதிவைக்க வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். ஐயம் தீராததை ஐயம் என்றே குறிக்க வேண்டும். பருவத்தின் முடிவில் தேர்வுத்தாளுக்குப் பதிலாக அந்தப் பட்டியலையே மதிப்பிட்டு மதிப்பெண் தர வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் அடுத்த கப்பலை எடுத்துக்கொள்வார்கள்.